ஓரத்துச் சிப்பாயும் கவாத்து வெட்டும்

சிப்பாய் முன்னால் மட்டும்தான் போகும், பின்னால் வராது. செஸ் பலகையைத் தொட்ட முதல் நாளே எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லித் தரப்படுகிற விதி இது. குதிரையைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டால் அடுத்த நகர்த்தலில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மந்திரியும் அப்படித்தான். (இங்கே மந்திரி என்றால் பிஷப். சில ஊர்களில் ராணியைத்தான் மந்திரி என்பார்கள், குழம்ப வேண்டாம்.) ஆனால் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினால் தள்ளியதுதான். அது விட்டுப்போன கட்டங்களைக் காக்க இனிமேல் அது வரப்போவதில்லை. செஸ்ஸில் 'பலவீனம்' என்று பேசப்படுவதில் பெரும்பகுதி இந்த ஒரே விதியிலிருந்து பிறப்பதுதான்.

இதைச் சொல்லிக்கொடுக்கும் கையோடு இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். 'சிப்பாய் வரிசையில் பலவீனம் உண்டாக்காதே.' தனித்த சிப்பாய் கெட்டது, இரட்டைச் சிப்பாய் கெட்டது, பின்தங்கிய சிப்பாய் ரொம்பக் கெட்டது. பள்ளிக்கூடத்தில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பது போல ஒரு பட்டியல். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்த பையன் பாதி செஸ்தான் கற்றிருக்கிறான். மீதிப் பாதி, அந்தப் பலவீனத்தைக் கொடுத்து எதை வாங்கினோம் என்ற கணக்கு. அந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள நடுப்பலகைச் சண்டையைவிட ஓரத்திலிருந்து தொடங்கும் ஆட்டங்களே நல்ல பள்ளிக்கூடம்.

இது யாருக்கு முக்கியம்?

கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரி போகிற சாலையில் இருக்கிறது தேவர்சோலை. பக்கத்திலெல்லாம் தேயிலைத் தோட்டம். மாவட்டத் தலைநகரான ஊட்டிக்குப் போவதென்றாலே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. 2022ல் மாமல்லபுரத்தில் 44வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் செஸ் போட்டி வைத்தார்கள். அப்போது பலகையைக் கையில் எடுத்த பிள்ளைகள் மலையிலும் உண்டு. ஆனால் சென்னையில் பேட்டைக்கு ஒரு செஸ் வகுப்பு, வீட்டிலேயே கம்ப்யூட்டர், வாரம் தவறாமல் ஒரு போட்டி என்று வளர்கிற பிள்ளையும், தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் அப்பாவின் செல்போனில் விளையாடிப் பழகும் பிள்ளையும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? சிசிலியன், ருய் லோபஸ் என்று நகரத்துப் பிள்ளை பதினைந்து நகர்த்தல்களை மூச்சு விடாமல் ஒப்பிக்கும். மலைப் பிள்ளை ஆறாவது நகர்த்தலிலேயே யோசிக்க ஆரம்பித்து, பன்னிரண்டாவதில் ஒரு குதிரையை இழந்து நிற்கும். இப்படி இரண்டு போட்டி போனால் மூன்றாவதற்குப் பஸ் காசு செலவழித்துப் போக எந்த வீட்டிலும் விடமாட்டார்கள்.

அதனால்தான் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு குறுக்குவழி சொல்லப்படுகிறது. 'சி4 ஆடு, ஜி3 ஆடு, மந்திரியை ஜி2ல் வை, ராஜாவைக் கோட்டைக்குள் அனுப்பு. எதிராளி என்ன செய்தாலும் இதையே செய். மனப்பாடம் தேவையில்லை.' பாதி உண்மை. மனப்பாடம் குறைவு என்பது நிஜம். ஆனால் நகர்த்தலில் மிச்சம் பிடித்த படிப்பை சிப்பாய் அமைப்பில் செலவழித்தே ஆகவேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. அங்கேதான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். இருபது நகர்த்தல் வரை ஒன்றும் ஆகாது. அப்புறம் மூச்சு முட்டும், ஏன் என்றே தெரியாது.

பக்கவாட்டுத் தொடக்கம் என்றால்...

பலகையில் இடமிருந்து வலமாக எட்டு வரிசைகளுக்கு ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச் என்று பெயர். வெள்ளை இருக்கும் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண். நடுவில் இருக்கும் டி, இ சிப்பாய்களை உடனே தள்ளி நடுப்பலகையைப் பிடிக்காமல், பக்கத்திலிருந்து அதைக் குறிவைப்பதுதான் பக்கவாட்டுத் தொடக்கம். முதலில் சி4 தள்ளினால் இங்கிலீஷ் ஓப்பனிங். ஹோவர்ட் ஸ்டான்டன் என்ற ஆங்கிலேயர் 1843ல் செயின்ட் அமான்டுக்கு எதிராக ஆடியதால் வந்த பெயர். முதலில் குதிரையை எஃப்3ல் வைத்துப் பிறகு சி4 தள்ளினால் ரெட்டி ஓப்பனிங். (நம்ம ஊர் ரெட்டி இல்லை. ரிச்சர்ட் ரெட்டி, அந்தக் கால ஆஸ்திரிய-ஹங்கேரியில் பிறந்தவர். எட்டு வருடம் தோற்காமல் இருந்த கபாபிளாங்காவை 1924ல் நியூயார்க்கில் தோற்கடித்தவர்.) முதலில் பி4 தள்ளினால் அதற்கு 'ஒராங்குட்டான்' என்றே பெயர். அதே 1924 போட்டியின்போது டார்டகோவர் நியூயார்க் மிருகக்காட்சி சாலைக்குப் போய்விட்டு வந்து வைத்த பெயராம்!

சி4 என்ற ஒரே நகர்த்தலில் என்ன கொடுக்கப்படுகிறது, என்ன கிடைக்கிறது? கிடைப்பது டி5 கட்டத்தின் மேல் ஒரு பிடி. கொடுப்பது டி4. சி சிப்பாய் சி3க்கு வந்து டி4ஐக் காக்கும் வாய்ப்பு போய்விட்டது. இ சிப்பாயும் இடத்தைவிட்டுப் போய்விட்டால், டி4ஐக் காக்க ஒரு சிப்பாயும் மிச்சமில்லை. எதிராளியின் குதிரை அங்கே வந்து உட்கார்ந்தால் சிப்பாயால் விரட்ட முடியாது. இந்த மாதிரிக் கட்டத்துக்குத்தான் 'ஓட்டை' என்று பெயர்.

இதைத் தெரிந்தே செய்தவர் மிகைல் பாட்வின்னிக். 1948ல் உலக சாம்பியனானவர், ரஷ்யர், தொழிலில் மின் பொறியாளர். அவர் பெயரால் அழைக்கப்படும் அமைப்பில் வெள்ளையின் சிப்பாய்கள் சி4, டி3, இ4, ஜி3 என்று நிற்கும். டி4ல் ஓட்டை பட்டவர்த்தனம். ஜி2ல் இருக்கும் மந்திரிக்கு முன்னால் தன்னுடைய இ4 சிப்பாயே சுவர் போல நிற்கிறது. பட்டியல் மனப்பாடம் செய்த பையன் பார்த்தால் இது மோசமான ஆட்டம் என்பான். ஆனால் கறுப்புக்கு டி5 தள்ளுவது அநேகமாக முடியாத காரியமாகிவிடுகிறது. நடுப்பலகை பூட்டிக்கிடக்கிறது. வெள்ளை நிதானமாக ஒரு பக்கம் எஃப்4, இன்னொரு பக்கம் பி4 என்று தள்ளி முன்னேறலாம். குதிரையை எஃப்3ல் வைக்காமல் இ2ல் வைப்பார்கள். எஃப் சிப்பாய்க்கு வழி விடவேண்டும், டி4ல் வந்து உட்காரும் குதிரையையும் கேள்வி கேட்கவேண்டும், இரண்டும் அங்கிருந்துதான் முடியும். ஓட்டையைக் கொடுத்துப் பூட்டை வாங்கியிருக்கிறார். விலை அதிகமா குறைவா என்று வாதிடலாம். தவறு என்று சொல்ல முடியாது.

தேவர்சோலைப் பிள்ளைகளுக்கு இதை விளக்க ரஷ்யாவுக்குப் போகவேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்தில் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவார்கள். நன்றாகத் தழைத்து நிற்கும் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளுவார்கள். வெளியூரிலிருந்து வந்தவர் பார்த்தால் தோட்டத்தை யாரோ அழித்துவிட்டார்கள் என்றே நினைப்பார். அந்தப் பாத்தியில் சில மாதங்களுக்குக் கொழுந்து கிடையாது, அதாவது வருமானம் கிடையாது. ஆனால் வெட்டாமல் விட்டால் செடி மரமாக வளர்ந்து கைக்கு எட்டாது, கொழுந்தும் குறைந்து போகும். அதே கவாத்தை மழையில்லாத நேரத்தில், செடியில் சத்தில்லாதபோது வெட்டினால் செடி செத்தே போகலாம். வெட்டுவது சரியா தப்பா என்று யாரும் கேட்பதில்லை. எப்போது, எந்தப் பாத்தியில், எவ்வளவு உயரத்தில் என்றுதான் கேட்பார்கள். அம்மாவோ பாட்டியோ தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இது பாடமே இல்லை, அன்றாடம் பார்ப்பது. ஆனால் அதே பிள்ளை செஸ் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால், சிப்பாய் வரிசை வரப்பு போல நேராக இருக்கவேண்டும் என்று பயந்து பயந்து ஆடுகிறது.

சிங்கப்பூரில் அடுத்தடுத்த இரண்டு நாள்

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் 2024 நவம்பர்-டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டி. சென்னைப் பையன் குகேஷ், சீனாவின் டிங் லிரென். பதினான்கு ஆட்டங்கள். அதில் கடைசி நான்கில் மூன்று பக்கவாட்டில் தொடங்கியவை. மூன்றிலும் யாராவது ஒருவர் வென்றார்!

டிசம்பர் 8, பதினோராவது ஆட்டம். குகேஷுக்கு வெள்ளை. முதலில் குதிரை எஃப்3, பிறகு சி4, மூன்றாவதாக பி4. ஓரத்துச் சிப்பாய் ஒன்று இப்படிப் பாய்ந்து வந்ததும் டிங் நாலாவது நகர்த்தலுக்கே அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். குகேஷும் சளைத்தவரில்லை, பதினோராவது நகர்த்தலில் ஜி3 தள்ள ஏறக்குறைய ஒரு மணி நேரம்!

இந்த ஆட்டத்தில் கவனிக்க வேண்டியது சி5 என்ற ஒரு கட்டத்தை. பத்தாவது நகர்த்தலில் குகேஷ் தன் பி சிப்பாயை பி5க்குத் தள்ளினார். அதுவரை பி4லிருந்து சி5ஐ மிரட்டிக்கொண்டிருந்த சிப்பாய் அது. போனதும் சி5 அனாதையானது. டிங்கின் குதிரை அடுத்த நகர்த்தலிலேயே அங்கே வந்து உட்கார்ந்தது. புத்தகப்படி பார்த்தால் வெள்ளை ஒரு நல்ல கட்டத்தைத் தானம் செய்துவிட்டது. பதினேழாவது நகர்த்தலில் குகேஷ் அந்தச் சிப்பாயை இன்னும் ஒரு கட்டம் தள்ளி பி6ல் நிறுத்தினார். அங்கே அதைக் காப்பாற்ற முடியாது. டிங் 22வது நகர்த்தலில் ராணியால் அதைச் சாப்பிட்டார்.

ஆக, கணக்கில் ஒரு கட்டம் போச்சு, ஒரு சிப்பாயும் போச்சு. வாங்கியது என்ன? பி வரிசை வெள்ளைக்குத் திறந்துவிட்டது. அந்த வரிசையின் கோடியில் பி7ல் கறுப்பின் சிப்பாய் ஒன்று அசையாமல் நிற்கிறது. ஜி2 மந்திரி ஒரு கோணத்திலிருந்து அதே பக்கம் பார்க்கிறது. குகேஷின் யானை பி1, பிறகு பி5. இன்னொரு யானை பின்னால் பி1. குதிரையை 25வது நகர்த்தலில் மூலையில் ஏ1ல் கொண்டுபோய் வைத்தார். மூலைக்குப் போன குதிரை முட்டாள் குதிரை என்று பழமொழி போலச் சொல்வார்கள். அந்தக் குதிரை அங்கிருந்து பி3, அடுத்து சி5! எந்தக் கட்டத்தைப் பத்தாவது நகர்த்தலில் எதிராளிக்குக் கொடுத்தாரோ, அதே கட்டத்தில் 27வது நகர்த்தலில் தன் குதிரையை உட்கார வைத்தார். மறு நகர்த்தல் டிங் ராணியைத் தப்பான கட்டத்துக்கு நகர்த்த, 29வது நகர்த்தலில் குகேஷ் ராணியால் சி6 குதிரையை வெட்டினார். பி7 சிப்பாய் அந்த ராணியை வெட்டினால் பி வரிசை திறந்து பின்னால் இருக்கும் யானை விழும். டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். குகேஷ் 6, டிங் 5.

ஒரு சந்தேகம் வரும். டிங் அந்தக் கடைசித் தவறைச் செய்யாமல் இருந்திருந்தால்? ஆட்டம் தொடர்ந்திருக்கும், உண்மைதான். ஆனால் அப்படித் தவறு செய்யும் நிலைக்கு ஒருவரைத் தள்ளியதும் அந்த விலையில் வாங்கிய சரக்குதான். பி7ஐயும் சி6ஐயும் காத்துக்கொண்டே இருக்கிறவர் எங்காவது ஒரு இடத்தில் அயர்ந்துபோவார்.

மறுநாள், டிசம்பர் 9. வெள்ளை டிங்குக்கு. முதல் நகர்த்தல் சி4. இங்கிலீஷ் ஓப்பனிங். எட்டு நகர்த்தல் முடிந்தபோது டிங்கின் சிப்பாய் அமைப்பைப் பார்த்தால் எந்த வகுப்பிலும் திட்டு விழும். இ சிப்பாய் பலகையில் இல்லை. சி சிப்பாய் சி4க்குப் போய்விட்டது. நடுவில் டி3ல் ஒரு சிப்பாய் தனியாகப் பின்தங்கி நிற்கிறது. அதற்கு முன்னால் டி4ல் ஓட்டை. டி வரிசை கறுப்புக்குப் பாதி திறந்திருக்கிறது. பின்தங்கிய சிப்பாய்க்கு இதைவிட நல்ல படம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது.

ஆனால் அதற்கு விலையாக இ வரிசை டிங்குக்குத் திறந்தது. யானையை இ1ல் வைத்தார். கறுப்பின் இ5 சிப்பாயை உற்றுப் பார்த்துக்கொண்டே ஏ3, ஹெச்3, ராஜாவை ஹெச்2க்கு என்று அவசரமே இல்லாமல் வீட்டு வேலைகளை முடித்தார். யானை டி1, ராணி டி2. 'பலவீனமான' டி சிப்பாய்க்குப் பின்னால் ஆள் சேர்த்தார். 18வது நகர்த்தலில் அந்தச் சிப்பாய் டி4க்கு நகர்ந்தது. எந்தக் கட்டம் ஓட்டையோ அதே கட்டத்துக்கு! 26வது நகர்த்தலில் டி5. அடுத்ததிலேயே டி6. 36வது நகர்த்தலில் டி7. இடையில் கறுப்பின் இ சிப்பாய் முன்னால் ஓடிப்போய் இ4ல் ஆதரவில்லாமல் நின்று 29வது நகர்த்தலில் விழுந்தது. 39வது நகர்த்தலில் டிங் யானையைக் கொடுத்து ஜி7 சிப்பாயை வெட்ட, குகேஷ் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்தப் போட்டியின் மிக அழகான ஆட்டம் இதுதான் என்று சொல்பவர்கள் பலர். தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கசக்கும், என்ன செய்வது!

பின்தங்கிய சிப்பாய் பின்தங்கியே இருந்தால்தான் பலவீனம். எதிராளி அதை அங்கேயே பிடித்து வைக்கவேண்டும். குகேஷ் டி4ல் ஒரு குதிரையை நிரந்தரமாக உட்கார வைக்கவில்லை. அந்த நேரத்தை டிங் எடுத்துக்கொண்டார். ஓட்டை என்பது எதிராளி வந்து நிரப்புகிறவரை வெறும் கட்டம்தான். இதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

ஆனந்த் விட்டது

எதிர்ப்பக்கம் இருந்தும் பார்க்கவேண்டும். 2013 நவம்பர், சென்னையில் ஆனந்துக்கும் கார்ல்சனுக்கும் உலக சாம்பியன் போட்டி. நவம்பர் 12ம் தேதி மூன்றாவது ஆட்டத்தில் கார்ல்சன் குதிரை எஃப்3, ஜி3, சி4 என்று ஓரமாகவே வந்தார். ஆனந்த் என்ன செய்தார்? பத்தாவது நகர்த்தலில் குதிரையை டி4ல் வைத்தார். ஓட்டைக்குள் போய் உட்கார்ந்தார். கார்ல்சன் அதை வெட்ட, ஆனந்தின் இ சிப்பாய் வெட்டி டி4க்கு வந்தது. இப்போது கார்ல்சனின் இ2 சிப்பாய் பாதி திறந்த வரிசையில் பின்தங்கி மாட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ஆனந்திடம் இரண்டு மந்திரிகளும் இருந்தன, கார்ல்சனிடம் ஒன்றுதான். 25வது நகர்த்தலில் கார்ல்சனின் ராணி ஹெச்1 மூலையில் போய் ஒண்டிக்கொண்டது. உலக சாம்பியன் போட்டியில் வெள்ளை ராணி அந்த மூலையில் நிற்பதை அடிக்கடி பார்க்க முடியாது.

இந்த முறை விலை அதிகம் கொடுத்தவர் கார்ல்சன். 28வது நகர்த்தலில் அவர் இ3 தள்ளி அந்தப் பலவீனத்தைக் கழற்றிவிடப் பார்த்தார். சிப்பாய்கள் மாறின. ஆனால் அதில் பி2 சிப்பாய் அம்போவென்று நின்றது. ஆனந்த் அடுத்த நகர்த்தலில் மந்திரியால் அதை வெட்டியிருக்க வேண்டும் என்று அன்றைக்கே விமர்சகர்கள் பேசினார்கள். அவர் மந்திரியை டி4ல் வைத்தார். ஆட்டம் 51 நகர்த்தலில் டிரா. எதிராளி பலவீனத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதை நேரத்தில் வசூல் செய்யவும் வேண்டும். மூன்று நாள் கழித்து ஐந்தாவது ஆட்டத்தில் கார்ல்சன் சி4 என்று தொடங்கி, ஆட்டம் நடுப்பலகைக்குத் திரும்பி, ஆனந்துக்கு ஏ7லும் சி6லும் தனித்தனிச் சிப்பாய்கள் மிஞ்சின. கார்ல்சனுக்கும் இ3ல் ஒரு தனித்த சிப்பாய் இருந்தது. வசூல் செய்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். போட்டி 6.5 - 3.5 என்று முடிந்தது.

எல்லா விலையும் கொடுக்கத் தகுந்ததல்ல

இதைப் படித்துவிட்டு எந்தச் சிப்பாயை வேண்டுமானாலும் தள்ளலாம் என்று கிளம்பிவிடக் கூடாது. முதல் நகர்த்தலிலேயே ஜி4 தள்ளும் 'குரோப்' என்ற தொடக்கம் ஒன்று உண்டு. அதுவும் பக்கவாட்டுதான். ராஜா ஒதுங்கவேண்டிய பக்கத்துச் சிப்பாயைத் தள்ளிவிட்டு, எஃப்4, ஹெச்4 கட்டங்களைக் கோட்டைவிட்டு, பதிலுக்குக் கிடைப்பது எதிராளியின் ஆச்சரியம் மட்டும். ஆச்சரியம் மூன்று நகர்த்தலில் தீர்ந்துவிடும், ஓட்டை ஆட்டம் முடியும்வரை இருக்கும். ஜி3 தள்ளி ஜி2ல் மந்திரியை வைப்பதிலும் இதே ஆபத்து சின்ன அளவில் இருக்கிறது. அந்த மந்திரி மாறிப்போனால் எஃப்3, ஹெச்3 இரண்டும் ராஜாவின் வாசலிலேயே ஓட்டைகள். 'எதிராளி என்ன செய்தாலும் இதையே செய்' என்று கற்ற பிள்ளை அந்த மந்திரியை யோசிக்காமல் மாற்றிக்கொள்வதை எந்தப் பள்ளிப் போட்டியிலும் பார்க்கலாம்.

கறுப்பின் பக்கமும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. இங்கிலீஷ் ஓப்பனிங்குக்கு எதிராக 'ஹெட்ஜ்ஹாக்', அதாவது முள்ளெலி என்று ஒரு அமைப்பு. கறுப்பின் சிப்பாய்கள் ஏ6, பி6, டி6, இ6 என்று சுருண்டு படுத்திருக்கும். டி6ம் பி6ம் நிரந்தர நோயாளிகள். இடமும் குறைவு. பதிலுக்கு எந்த நேரமும் பி5 அல்லது டி5 என்று முள்ளை விரிக்கலாம். வெள்ளை ஒரு நகர்த்தல் அசந்தால் பலகை தலைகீழாகும். 1970ல் பாபி ஃபிஷர், ஆண்டர்சனுக்கு எதிராக ஒரு காட்சி ஆட்டத்தில் வெள்ளையில் பி3 என்று தொடங்கி, இதே முள்ளெலியை வெள்ளைக் காய்களால் ஆடி ஜெயித்தார். ஒரு நகர்த்தல் முன்னால் இருந்தும் பின்வாங்கிப் படுத்துக்கொள்வதற்குத் தனி தைரியம் வேண்டும்.

பயிற்சியாளர்களின் ஆட்சேபம் ஒன்று உண்டு, அதைத் தள்ளிவிட முடியாது. சின்னப் பிள்ளைகள் முதலில் இ4 ஆடி, அடிதடியைப் பழகவேண்டும், அதற்குள் ஓரத்தில் தொடங்கினால் சோம்பேறி ஆட்டக்காரர்கள் ஆகிவிடுவார்கள் என்பது. எட்டு, ஒன்பது வயதுக்கு அது சரி. வெட்டு, இரட்டைத் தாக்குதல், கட்டிப்போடுதல் எல்லாம் கண்ணுக்குப் பழகாத பிள்ளைக்கு டி4 ஓட்டை பற்றிப் பேசுவது வீண். ஆனால் பன்னிரண்டு, பதிமூன்று வயதில் மாவட்டப் போட்டிக்குக் கிளம்புகிற மலைப் பிள்ளைக்கு, பயிற்சியாளரும் இல்லை, நகரத்துப் பிள்ளையின் மனப்பாடத்தை எட்டிப்பிடிக்க நேரமும் இல்லை என்றால், இன்னும் இருபது சிசிலியன் நகர்த்தலை ஓதச் சொல்வதில் என்ன நியாயம்? அதே நேரத்தில் நாலு சிப்பாய் அமைப்புகளை உட்கார்ந்து புரிந்துகொள்ளலாம். அதற்குப் புத்தகம்கூட அதிகம் வேண்டாம். டிங்கின் பன்னிரண்டாவது ஆட்டத்தை எட்டாவது நகர்த்தலில் நிறுத்திவிட்டு, இரண்டு பிள்ளைகள் அங்கிருந்து மாறி மாறி இரு பக்கமும் பத்து ஆட்டம் ஆடிப் பார்க்கட்டும். ஒருவன் டி3ஐப் பிடித்துவைக்க முயலட்டும், இன்னொருவன் அதை நகர்த்த முயலட்டும். பலகையும் காய்களும் போதும், நெட் சிக்னல்கூட வேண்டாம்.

அதன் பிறகு பதினான்காவது ஆட்டத்தையும் வைத்துப் பார்க்கலாம். டிசம்பர் 12, கணக்கு 6.5 - 6.5. டிங்குக்கு வெள்ளை. மறுபடியும் குதிரை எஃப்3, ஜி3. ஆனால் இந்த முறை டிங் அமைதியை விரும்பினார். முப்பதாவது நகர்த்தலை ஒட்டி ஒரு சிப்பாயைக் கொடுத்து ராணிகளை மாற்றிக்கொண்டார். பலகையின் ஒரே பக்கத்தில் குகேஷுக்கு மூன்று சிப்பாய், அவருக்கு இரண்டு. ஆளுக்கொரு யானை, ஒரு மந்திரி. கணக்குப்படி டிராதான். அந்தச் சிப்பாய்க்கு விலையாக அவர் வாங்கியது வரிசையும் இல்லை, கட்டமும் இல்லை, ஆட்டம் முடிந்துவிடும் என்ற நிம்மதி மட்டும். குகேஷ் முடிக்கவில்லை. மணிக்கணக்கில் அந்த ஒரு சிப்பாயை வைத்துக்கொண்டு நகர்த்திக்கொண்டே இருந்தார். 55வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2ல் வைத்தார். குகேஷ் மந்திரியை டி5ல் வைத்து எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள வழி செய்தார். பதினெட்டு வயதில் உலக சாம்பியன்.